நெருங்கி வருவதும் முந்திச் செல்வதும்: பஹ்ரைன் 2022-க்கு முன்

23 பிப்ரவரி 2022: ஒரு வாசகரின் கேள்வி

பார்சிலோனா சோதனை ஓட்டத்தில் இன்று புதிய விதிப்படி கட்டிய ஃபார்முலா ஒன் கார்கள் ஓடத் தொடங்கிவிட்டன. முன்னால் செல்லும் காருக்கு இருபது மீட்டர் பின்னால் வரும்போது பழைய கார் 35 விழுக்காடு டவுன்ஃபோர்ஸை (காரைத் தரையோடு அழுத்தும் காற்றின் விசையை) இழந்தது என்றும், புதிய கார் 4 விழுக்காடுதான் இழக்கும் என்றும் நிர்வாகத்தார் சொல்கிறார்கள். அப்படியானால் மார்ச் 20 அன்று பஹ்ரைனில் நடக்கும் முதல் பந்தயத்தில் முந்துதல்கள் குவியும் என்று நம்பலாம் அல்லவா? இனி டிஆர்எஸ் (முன்காரை ஒரு நொடிக்குள் நெருங்கியவர் நேர்ப்பாதையில் தன் பின்னிறக்கையைத் திறந்து வேகம்பெறும் ஏற்பாடு) எதற்கு?

24 பிப்ரவரி, காலை

குவியாது என்பது என் கணிப்பு. பந்தயம் நன்றாக இருக்கும் என்பதும் என் கணிப்பு. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல.

முன்னால் போகும் காரை ஒட்டியே வளைவுகளைக் கடப்பது ஒன்று. அதைத் தாண்டிப் போவது வேறொன்று. நீங்கள் சொல்லும் 35, 4 ஆகிய எண்கள் முதலாவதைப் பற்றியவை. இடைவெளி பத்து மீட்டராகச் சுருங்கினால் பழைய காரின் இழப்பு பாதியை நெருங்கும், புதிய காரில் 18 விழுக்காடாக நிற்கும் என்றும் அதே கணக்கு சொல்கிறது. இவை கணினியில் காற்றை ஓடவிட்டுப் பார்த்த எண்கள். கணக்கைப் போட்ட ராஸ் பிரானும் பாட் சிமண்ட்ஸும் தொழில் தெரிந்தவர்கள் என்பதால் எண்களை நான் சந்தேகிக்கவில்லை. அணிகளின் பொறியாளர்கள் அந்த எண்களை அப்படியே விட்டுவைப்பார்களா என்பதுதான் ஐயம். பின்னால் வருபவனுக்குச் சுத்தமான காற்றை அனுப்புவதற்காக எந்தப் பொறியாளருக்கும் சம்பளம் தருவதில்லை.

2009-இல் நடந்ததைப் பாருங்கள். அப்போதும் நோக்கம் இதேதான். பின்னிறக்கையை ஒடுக்கி உயர்த்தினார்கள், முன்னிறக்கையை அகலமாக்கினார்கள், உடலில் முளைத்திருந்த சிறு இறக்கைகளையெல்லாம் வெட்டி எறிந்தார்கள். மெல்போர்னில் முதல் பந்தயம் தொடங்கும் முன்பே பிரான், டொயோட்டா, வில்லியம்ஸ் என்ற மூன்று அணிகள் இரட்டை டிஃப்யூசர் (காரின் அடியில் ஓடும் காற்றைப் பின்பக்கம் விரித்து வெளியேற்றும் பகுதி) என்ற வழியைக் கண்டுபிடித்து, விதி பறித்த டவுன்ஃபோர்ஸில் பெரும்பங்கை மீட்டுக்கொண்டன. அன்று ஓட்டையைக் கண்டுபிடித்த அணியின் தலைவரான ராஸ் பிரான்தான் இன்று ஓட்டைகளை அடைக்கும் பணியில் இருக்கிறார். அந்த வகையில் இம்முறை விதி கொஞ்சம் கெட்டியாகவே எழுதப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

2010-இல் பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்புவதைத் தடை செய்தபோது, இனி எரிபொருளுக்கும் டயருக்கும் ஒதுங்கும் பிட் நிறுத்தத்தில் அல்ல, தடத்தில்தான் முந்தியாக வேண்டும் என்று எல்லோரும் மகிழ்ந்தோம். அந்த ஆண்டின் முதல் பந்தயமும் இங்கே பஹ்ரைனில்தான், அதுவும் 6.299 கிலோமீட்டராக நீட்டிய தடத்தில். முன்னணியில் இருந்த வெட்டலின் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கோளாறு வந்ததால் அலோன்சோ முந்தினார். அதைத் தவிர நினைவில் நிற்கும்படி எதுவும் நடக்கவில்லை. டயரைக் காப்பாற்றிக்கொண்டு எல்லோரும் வரிசையில் போனார்கள்.

இனி கேள்வியின் மையம். முன்னால் போகும் கார் காற்றில் விட்டுச்செல்லும் கலக்கம், வளைவில் பின்காரின் பிடிமானத்தைத் திருடுகிறது; நேர்ப்பாதையிலோ அதே கலக்கம்தான் பின்காருக்கு எதிர்க்காற்றைக் குறைத்து இழுவையைத் தருகிறது. புதிய கார், தன் அடியில் உள்ள வென்டூரி சுரங்கங்களில் (ஒடுங்கி விரியும் காற்று வழிகளில்) டவுன்ஃபோர்ஸைப் பிறப்பித்து, மிச்சக் கலக்கத்தைச் சுருண்ட பின்னிறக்கையால் மேலே தூக்கி எறிகிறது. எனவே வளைவில் கிடைக்கும் லாபத்தில் ஒரு பகுதி நேர்ப்பாதையில் செலவாகிவிடும். முன்னைவிட நெருக்கமாக வளைவை விட்டு வெளியே வருவீர்கள். ஆனால் வந்தபின் உங்களை இழுத்துச்செல்லும் கை சற்று வலுக்குறைந்திருக்கும்.

24 பிப்ரவரி, இரவு

டிஆர்எஸ் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். அது இருக்கும். 2011-இல் அதைத் தற்காலிக மருந்தாகத்தான் கொண்டுவந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் மேலே சொன்ன காரணத்தால் இந்த ஆண்டு அதை எடுத்திருந்தால் நேர்ப்பாதைகளில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இடைவெளியில் போயிருக்கும். சில பந்தயங்கள் ஓட்டிப் பார்த்துவிட்டு, டிஆர்எஸ் அனுமதிக்கப்படும் பகுதிகளின் நீளத்தைக் குறைப்பதே முறை.

26 பிப்ரவரி

பார்சிலோனா சோதனை முடிந்தது. முதல் நாள் மெக்லாரனின் நாரிஸ், இரண்டாம் நாள் ஃபெராரியின் லெக்லேர், மூன்றாம் நாள் மெர்சிடிஸின் ஹாமில்டன் முதலிடம். இந்தப் பட்டியலை வைத்து யார் வெல்வார் என்று கேட்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எரிபொருளை நினைவில் வையுங்கள். பத்து கிலோ கூடினால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 0.3 நொடி போகும். பந்தயத்துக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 110 கிலோ. அதாவது தொட்டி நிறைந்த காருக்கும் வற்றிய காருக்கும் இடையில் மூன்று நொடிக்கு மேல் ஒளிந்திருக்கலாம். நேற்றைய பட்டியலில் முதல் பத்துப் பேரும் அதைவிடக் குறைவான இடைவெளிக்குள் அடங்குகிறார்கள்.

2019-இல் இதே பார்சிலோனாவில் ஃபெராரிதான் வேகமான கார் என்று பத்திரிகைகள் தீர்ப்பெழுதின. மெல்போர்னில் போட்டாஸ் வென்றார். வெட்டல் 57 நொடி பின்னால் நான்காவதாக வந்தார். சென்ற ஆண்டு இதே பஹ்ரைன் சோதனையில் மெர்சிடிஸ் தடுமாறியது. இரு வாரத்தில் ஹாமில்டன் முதல் பந்தயத்தை வென்றார். மறுபக்கமும் உண்டு. 2009-இல் பிரான் அணி காட்டிய வேகத்தை, விளம்பரதாரரைப் பிடிப்பதற்காகக் காலித் தொட்டியுடன் ஓட்டிய வித்தை என்று பலர் ஒதுக்கினார்கள். அது வித்தை அல்ல, அந்த அணியின் ஓட்டுநர் ஜென்சன் பட்டனுக்கு உலகப் பட்டத்தையே தந்த வேகம். எனவே சோதனை நேரத்தை நம்பவும் கூடாது, முழுமையாகத் தள்ளவும் கூடாது. இருபது சுற்றுகள் இடைவிடாமல் ஓடும்போது நேரம் எப்படிச் சரிகிறது என்பதைப் பாருங்கள். அதில் பொய் சொல்வது கடினம்.

நேரங்களைவிட என்னைக் கவர்ந்தது, நேர்ப்பாதையின் இறுதியில் கார்கள் குதித்த குதிப்பு. அதைத் தனியாக எழுதுகிறேன்.

1 மார்ச்

குதிப்பு பற்றி. ஆங்கில வர்ணனையாளர்கள் இதற்கு ஒரு கடல் விலங்கின் பெயரை இட்டிருக்கிறார்கள். நான் குதிப்பு என்றே எழுதுகிறேன்.

வேகம் கூடக்கூட அடித்தளத்தின் உறிஞ்சல் கூடி, கார் தரையை நோக்கி இறங்குகிறது. ஓர் அளவுக்கு மேல் அடித்தளம் தரையை நெருங்கிவிட்டால் கீழே ஓடும் காற்று நெரிபட்டு நிற்கிறது. உறிஞ்சல் அறுந்ததும் கார் மேலே எழும்புகிறது. எழும்பியதும் காற்று மறுபடி ஓடுகிறது, கார் மறுபடி இறங்குகிறது. நொடிக்குப் பல முறை இது நடப்பதால் ஓட்டுநரின் தலைக்கவசம் தொலைக்காட்சியில் மங்கலாகத் தெரிந்தது. லெக்லேரின் காரில் இருந்த கேமராக் காட்சியைக் கண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பழைய தலைமுறையினருக்கு இது புதிதன்று. 1970-களின் இறுதியிலும் 1980-களின் தொடக்கத்திலும் வென்டூரி கார்கள் இப்படித்தான் குதித்தன. 1983 முதல் தட்டையான அடித்தளம் கட்டாயமானபின் மறைந்துவிட்டது. அப்படியிருந்தும் இத்தனை பொறியாளர்கள் இருக்கும் அணிகள் எப்படி எதிர்பாராமல் சிக்கின என்று ஒருவர் கேட்டிருந்தார். காற்றுச் சுரங்கத்தில் 60 விழுக்காடு அளவுள்ள மாதிரியை நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் வேகம்வரைதான் சோதிக்க விதி அனுமதிக்கிறது. குதிப்பு பெரிதாவது அதற்கு வெகு மேலே. போதாக்குறைக்கு, இந்த ஆண்டு சஸ்பென்ஷனில் இனெர்ட்டரையும் ஹைட்ராலிக் உறுப்புகளையும் தடை செய்துவிட்டார்கள். அசைவை அடக்கியிருக்கக்கூடிய கருவிகளைப் பிடுங்கிவிட்டு, அசையும் காரைக் கொடுத்திருக்கிறார்கள்.

நம் விவாதத்தோடு இது எங்கே சேர்கிறது என்றால், காரைச் சற்று உயர்த்தினால் குதிப்பு அடங்கும், ஆனால் டவுன்ஃபோர்ஸ் போகும். எனவே பஹ்ரைனில் வேகம் என்பது எவ்வளவு டவுன்ஃபோர்ஸ் பிறப்பிக்கிறீர்கள் என்பதைவிட, எவ்வளவு தாழ்வாக ஓட்டத் துணிகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அணிகளுக்கு இடையில் அந்த வேறுபாடு பெரிதாக இருந்தால், தொடக்கத்தில் சில முந்துதல்கள் நடந்தபின் வரிசை சீக்கிரமே நிலைத்துவிடும். விதி எழுதியவர்கள் காற்றைச் சுத்தம் செய்யலாம். கார்களைச் சமமாக்க 14 கோடி டாலர் செலவு வரம்பு ஒரு சில ஆண்டுகளாவது வேலை செய்தாக வேண்டும்.

4 மார்ச்

அவநம்பிக்கைவாதி என்று அழைக்கப்பட்டிருக்கிறேன். இல்லை. என் நம்பிக்கை முழுவதும் டயர்மேல் இருக்கிறது.

சென்ற ஆண்டு பஹ்ரைன் பந்தயத்தின் கடைசிச் சுற்றுகளை நினைத்துப்பாருங்கள். புதிய டயருடன் ரெட் புல்லின் வெர்ஸ்டாப்பன் ஹாமில்டனைப் பிடித்தார், நான்காவது வளைவில் முந்தினார், ஆனால் தடத்தைவிட்டு வெளியே போய் முந்தியதால் இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதன்பின் இன்னும் சில சுற்றுகள் இருந்தும் அவரால் மறுபடி முயலக்கூட முடியவில்லை, 0.745 நொடியில் தோற்றார். நெருங்கி வந்த காரின் டயர், கலங்கிய காற்றில் வழுக்கி வழுக்கிச் சூடேறி, ஒரே ஒரு முயற்சிக்குத்தான் தாங்கியது. அந்த ஆண்டுகளில் முந்துதல் என்பது ஒரே தோட்டா உள்ள துப்பாக்கி.

புதிய 18 அங்குலச் சக்கரத்துக்கான டயரை, சூடேறினாலும் பிடிமானம் சட்டென்று போகாதபடி செய்ததாக, டயர் தயாரிக்கும் பிரெல்லி சொல்கிறது. பக்கச்சுவர் குட்டையானதால் டயர் நெளிவதும் குறைகிறது. பின்காரின் வழுக்கலும் குறைந்து, டயரும் தாங்கினால், முதல் முயற்சி தோற்றவர் அடுத்த சுற்றில் இரண்டாவது முயற்சி செய்யலாம், அதற்கடுத்த சுற்றில் மூன்றாவதும். முந்தப்பட்டவரும் அவ்வாறே திருப்பித் தாக்கலாம். நான் எதிர்பார்ப்பது இதைத்தான். முந்துதல்களின் எண்ணிக்கை பெரிதாகக் கூடாமல் போகலாம், சண்டைகள் நீளும்.

10 மார்ச்

இன்று பஹ்ரைனில் இரண்டாம் சோதனை தொடங்கியது. மெர்சிடிஸ் காரைப் பார்த்தபோது கேமராவின் கோளாறோ என்று ஒரு கணம் நினைத்தேன். பார்சிலோனாவில் இருந்த பக்கப்பெட்டிகளை (ஓட்டுநரின் இருபுறமும் புடைத்திருக்கும் உடற்பகுதிகளை) காணவில்லை. காற்று நுழையும் வாய் ஒடுங்கிச் செங்குத்தாக நிற்கிறது, பக்க மோதல் பாதுகாப்புச் சட்டகம் தனி இறக்கைபோல வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. விதி இப்படி ஒரு வடிவத்தை எதிர்பார்க்கவில்லை என்பது எல்லோர் முகத்திலும் தெரிந்தது. மேதைமையா, முட்டுச்சந்தா என்பதை இப்போது சொல்பவர் சும்மா சொல்கிறார். என் கண்ணில் பட்டது வேறு: பக்கப்பெட்டி இல்லாததால் அடித்தளத்தின் பெரும் பரப்பு தாங்கலின்றி வெளியே நீள்கிறது, நேர்ப்பாதையில் அது நடுங்குகிறது. அந்தக் கார் மற்றவற்றைவிட அதிகமாகவே குதிக்கிறது.

ஹாஸ் அணியின் சரக்கு விமானம் தாமதமானதால் அவர்கள் காலைப் பொழுதை இழந்தார்கள். ரஷ்ய விளம்பரதாரரை நீக்கி, ரஷ்ய ஓட்டுநர் மசெபினை நீக்கி, நேற்றுத்தான் பழைய ஓட்டுநர் மாக்னுஸனை மீண்டும் அழைத்திருக்கிறார்கள். அந்த அணிக்கு ஒரு விமானத் தாமதம் பெரிய செய்தியாகவே இருந்திருக்காது. மெக்லாரனின் முன்பிரேக்குகள் சூடேறுகின்றன என்பது கவலைக்குரியது. பிரேக் தட்டுகள் இந்த ஆண்டு பெரிதாகியிருக்கின்றன, ஆனால் அவற்றைச் சுற்றிக் காற்றை நடத்தும் வழியும் மாறிவிட்டது. பஹ்ரைனைப் போலப் பிரேக்கை வாட்டும் தடங்கள் குறைவு.

13 மார்ச்

கடைசி நாளில் வெர்ஸ்டாப்பன் 1:31.720. அடுத்து மிக் ஷூமாக்கர், பிறகு லெக்லேர். வெர்ஸ்டாப்பன் ஓட்டியது பிரெல்லியின் மிக மென்மையான, அதனால் வேகமான டயர் ரகம். அது பந்தய வாரத்துக்கு வரவே வராது. அதைக் கழித்தாலும் ரெட் புல் வேகமான கார்தான். கடைசி நாளில் புதிய பக்கப்பெட்டியோடு வந்த அந்தக் கார் மற்ற கார்களைவிட அமைதியாக ஓடியது. குதிப்பு இல்லாத கார் என்று சொல்லமாட்டேன், குதிப்பை மதிக்காத கார்.

வெள்ளிக்கிழமை ஹாஸுக்கு ஈடாகக் கொடுத்த கூடுதல் நேரத்தில், தடம் குளிர்ந்தபின் மாக்னுஸன் அன்றைய முதலிடத்தைப் பிடித்தார். இதை வைத்து ஹாஸ் முன்னணிக்கு வந்துவிட்டது என்று எழுதியவர்களை நான் கேலி செய்யப் போவதில்லை. ஃபெராரி எஞ்சின் உள்ள மூன்று அணிகளும் இங்கே நன்றாக ஓடியிருக்கின்றன. எஞ்சின் வடிவம் இந்த மார்ச் முதல் விதிப்படி மாற்ற முடியாமல் உறைந்துவிட்டதால், இன்று முன்னால் இருப்பவர் சில ஆண்டுகள் முன்னாலேயே இருக்க வாய்ப்புண்டு.

நீள்ஓட்டங்களை வைத்து என் வரிசை: ஃபெராரியும் ரெட் புல்லும் ஒட்டிக்கொண்டு, பிறகு ஓர் இடைவெளி, பிறகு மெர்சிடிஸ். தன்னால் இப்போது வெற்றிக்குப் போட்டியிட முடியாது என்று ஹாமில்டன் சொன்னதை ஆண்டுதோறும் கேட்கும் பழைய பாட்டு என்று பலர் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சோகத்தை நடிக்கலாம், நேர்ப்பாதையில் அப்படிக் குதிப்பதை நடிக்க முடியாது.

15 மார்ச்

தடத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மனாமாவில் வேலை பார்ப்பதால், பந்தயம் நடக்கும் சகீர் தடத்தின் முதல் வளைவு இருக்கைகளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எனவே இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

5.412 கிலோமீட்டர், 15 வளைவுகள், 57 சுற்றுகள். முதன்மை நேர்ப்பாதை ஒரு கிலோமீட்டருக்கு மேல். அதன் முடிவில் 300-க்கு மேலான வேகத்திலிருந்து மிகத் தாழ்ந்த கியருக்கு இறங்கும் முதல் வளைவு இருக்கிறது. அங்கே அமர்ந்தால், பிரேக் மிதிக்கும் நொடியில் இரவு விளக்கொளியிலும் சக்கரத்துக்குள் தட்டு செந்நிறமாகப் பற்றுவது தெரியும். உடனே கரிந்த கார்பனின் நெடி வரும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதை அந்த இருக்கையில் உடனே உணர முடியும். எதிர்க்காற்றாக இருந்தால் ஓட்டுநர்கள் துணிந்து தாமதமாகப் பிரேக் பிடிப்பார்கள். பின்னிருந்து வீசினால் அதே இடத்தில் பிடித்தவர் வளைவின் வெளிவிளிம்பில் போய் நிற்பார். பாலைவனத்து மணல் பந்தயக் கோட்டுக்கு வெளியே படிந்திருப்பதால், முந்துவதற்காக உள்பக்கம் வருபவரின் பிடிமானம் முதல் சில சுற்றுகளில் குறைவாகவே இருக்கும். தொலைக்காட்சியில் இது எதுவும் தெரியாது.

முந்தும் இடங்கள் என்று பார்த்தால் முதல் வளைவு, நான்காவது வளைவு, சில வேளை பதினொன்றாவது. பத்தாவது வளைவில் யாரும் முந்துவதில்லை, ஆனால் முந்துதல்கள் அங்கே பிறக்கின்றன. இறக்கத்தில், திரும்பிக்கொண்டே பிரேக் பிடிக்க வேண்டிய இடது வளைவு அது; சுமை குறைந்த முன் இடச்சக்கரம் அடிக்கடி பூட்டிக்கொண்டு வெண்புகை விடும். ஒருவர் அங்கே பூட்டினால் அடுத்த நேர்ப்பாதையில் பின்கார் அவர் தோளுக்கு வந்துவிடும். டயரில் தட்டைப் பகுதி விழுந்துவிட்டால் அந்தச் சுற்றோடு துன்பம் தீராது.

2014-இல் ஹாமில்டனும் ராஸ்பெர்க்கும் நடத்திய சண்டையை முதல் வளைவிலிருந்து பார்த்தேன். இங்கே நடந்த முதல் இரவுப் பந்தயம் அது. ராஸ்பெர்க் உள்பக்கமாக நுழைந்து முந்துவார், வேகம் மிகுந்து வெளியே அகன்றுவிடுவார், ஹாமில்டன் உள்வெட்டி நான்காவது வளைவுக்கு முன் இடத்தைத் திரும்பப் பெற்றுவிடுவார். கார்களை மெதுவாக்கி வரிசையில் கூட்டும் பாதுகாப்பு காரை வரவழைத்த குத்தியேரஸின் கவிழ்வும் எங்கள் கண்முன்தான் நடந்தது. மால்டொனாடோ இடித்ததும் அந்தக் கார் அப்படியே உருண்டு நிமிர்ந்தது. அவர் இறங்கி நடக்கும்வரை அரங்கில் யாரும் உட்காரவில்லை. அதன்பின் மென்மையான டயருடன் துரத்திய ராஸ்பெர்க், கடினமான டயருடன் இருந்த ஹாமில்டனைக் கடைசிவரை தாண்ட முடியாமல் ஒரு நொடி பின்னால் முடித்தார்.

இந்தத் தடத்தில் சமமான கார்களுக்கு இடையே முதல் வளைவில் முந்துவது பாதி வேலைதான் என்பதற்கு அந்தப் பந்தயமே சான்று. இப்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. நான்காவது வளைவை நோக்கிய டிஆர்எஸ் பகுதிக்கான இடைவெளியை அளக்கும் கோடு, முதல் வளைவுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. நேர்ப்பாதையிலேயே முந்தி அந்தக் கோட்டை முதலில் தாண்டியவர், அடுத்த நேர்ப்பாதையில் எதிராளிக்குத் திறந்த பின்னிறக்கையைப் பரிசாகக் கொடுக்கிறார். சென்ற டிசம்பரில் ஜெத்தாவில் ஹாமில்டனும் வெர்ஸ்டாப்பனும் அப்படியொரு கோட்டை முதலில் தாண்ட மனமில்லாமல் இருவரும் வேகம் குறைத்து மோதிக்கொண்டது நினைவிருக்கும். பழைய காரில் முந்தப்பட்டவர் ஒன்று, இரண்டு, மூன்றாம் வளைவுகளின் கலங்கிய காற்றில் பின்தங்கிவிடுவார், எனவே பரிசைப் பயன்படுத்த முடியாது. புதிய காரில் பின்தங்கமாட்டார். விதி மாற்றத்தின் உண்மையான விளைவைப் பார்க்க விரும்புபவர்கள் முதன்மை நேர்ப்பாதையை விட்டுவிட்டு நான்காவது வளைவைப் பாருங்கள்.

17 மார்ச்

ஆஸ்டன் மார்ட்டினின் வெட்டலுக்குக் கோவிட், அவர் இடத்தில் ஹுல்கன்பெர்க். 2020-இலும் இப்படித்தான் அவரைத் திடீர் திடீரென்று அழைத்தார்கள். எந்நேரமும் தலைக்கவசத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டே தூங்குகிறார் போலும்.

ஒரு விதி மாற்றத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள். முதல் பத்து இடங்களில் தொடங்குபவர்கள் தகுதிச்சுற்றின் இரண்டாம் பகுதியில் ஓட்டிய டயரில்தான் பந்தயத்தைத் தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் இனி இல்லை. வேகமான அணிகள் நடுத்தர டயரில் அந்தப் பகுதியைக் கடந்து, பின்னால் உள்ளவர்களைவிட நல்ல டயரில் தொடங்கிவந்த வசதி போய்விட்டது. மறுபக்கம், எல்லோரும் ஒரே மென்மையான டயரைத் தேர்ந்தெடுத்தால் தொடக்கத்தில் டயர் வேறுபாட்டால் வரும் முந்துதல்கள் குறையும். டயரை முன்கூட்டியே சூடாக்கும் போர்வையின் வெப்பத்தையும் 70 பாகைக்குக் குறைத்திருக்கிறார்கள். பிட் நிறுத்தத்திலிருந்து குளிர்ந்த டயருடன் வெளியேறுபவரின் முதல் இரண்டு வளைவுகளில் ஏதாவது நடக்கும்.

19 மார்ச், இரவு

தகுதிச்சுற்றில் லெக்லேர் முதலிடம், 1:30.558. வெர்ஸ்டாப்பன் 0.123 நொடி பின்னால், சைன்ஸ் இன்னும் ஆயிரத்தில் ஆறு பங்கு பின்னால். பெரெஸ் நான்காவது. ஹாமில்டன் ஐந்தாவது, 0.680 நொடி தள்ளி. நடிப்பல்ல என்று சொன்னேனே.

போட்டாஸ் ஆறாவது, மாக்னுஸன் ஏழாவது. மெக்லாரனைத் தேட வேண்டியிருந்தது: நாரிஸ் 13, ரிக்கார்டோ 18. அணி உரிமையாளரின் மகன் ஸ்ட்ரோலைவிட, நேற்று முதல்முறையாக இந்தக் காரில் உட்கார்ந்த ஹுல்கன்பெர்க் இரண்டு இடம் முன்னால் இருக்கிறார் என்பதை ஆஸ்டன் மார்ட்டின் அணியினர் இன்றிரவு பேச விரும்பமாட்டார்கள்.

சென்ற ஆண்டு இங்கே வெர்ஸ்டாப்பனின் முதலிட நேரம் 1:28.997. அதாவது புதிய கார் ஒன்றரை நொடிக்குமேல் மெதுவானது. எடையே பெரும் காரணம்: சென்ற ஆண்டு குறைந்தபட்சம் 752 கிலோ, இந்த ஆண்டு 795 என்று வைத்துவிட்டு, பல அணிகளால் அதைக்கூட எட்ட முடியாததால் கடைசி நேரத்தில் 798 ஆக்கினார்கள். மெதுவான வளைவுகளில் இந்தக் கார்கள் சோம்பலாகத் திரும்புவது கண்ணுக்கே தெரிகிறது. பெருவேக வளைவுகளில் மட்டும் தரையில் ஒட்டிக்கொள்கின்றன.

20 மார்ச், நண்பகல்

பந்தயம் இங்கே மாலை ஆறு மணிக்கு, இந்தியாவில் இரவு எட்டரைக்கு. போக்குவரத்தை எண்ணி மூன்று மணிக்கே கிளம்புகிறேன், எனவே இனி எழுத முடியாது.

முதற்கேள்வி கேட்டவருக்கு: எண்ணிக்கையை வைத்து இன்றிரவு தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள். டிஆர்எஸ்ஸால் நேர்ப்பாதையில் எளிதாக நடக்கும் முந்துதல்கள் வழக்கம்போல இருக்கும். அவற்றைக் கழித்துவிட்டு, முந்தப்பட்டவர் இரண்டு சுற்றுக்குள் எத்தனை முறை திருப்பி முந்தினார் என்று குறித்துவையுங்கள். அதில் சென்ற ஆண்டுக்கும் இந்த ஆண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லையென்றால் இரண்டு ஆண்டு வேலையும் பல கோடி டாலரும் வீண்.

என் கணிப்பு: தொடக்கத்தில் லெக்லேர் முன்னணியைக் காப்பார், முதல் நிறுத்தத்தையொட்டி வெர்ஸ்டாப்பன் அவர் பின்னால் ஒட்டுவார், ஒரு நிறுத்தத்தோடு முடியாத பந்தயம் என்பதால் கடைசி டயர் மாற்றம் முடிவு செய்யும். வெற்றி வெர்ஸ்டாப்பனுக்கு, மிகச் சிறிய இடைவெளியில். மெர்சிடிஸ் முதல் மூன்றுக்குள் வந்து மேடையேற வேண்டுமென்றால் முன்னால் உள்ள நான்கில் இரண்டு கார்களாவது நின்றுபோக வேண்டும், அதற்கு வாய்ப்பில்லை.